‘பெரியவனாகு’ என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

2019 ஆகஸ்ட் 2 அன்று ஜப்பானில் திரைக்கு வந்து, அடுத்த பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்: யுவர் ஸ்டோரி’ அனிமேஷன் படத்தைச் சென்ற வாரம் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முதல் முறை பார்த்துவிட்டு எழுந்தபோது மனத்தில் இருந்தது வெறும் கோபம். அது எதன் மீதான கோபம் என்பது இப்போதுதான் எனக்கே பிடிபட்டது, அதனால் எழுதுகிறேன். படத்தின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. ஆகவே, பார்க்க எண்ணியிருக்கும் நண்பர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எனிக்ஸ் நிறுவனம் 1992 செப்டம்பரில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட் 5’ என்னும் வீடியோ கேம்தான் இந்தப் படத்தின் மூலம். யூஜி ஹோரி கதையையும் ஆட்டத்தையும் வகுக்க, ‘டிராகன் பால்’ சித்திரக்கதையால் நாம் நன்கறிந்த அகிரா தொரியாமா உருவங்களை வரைய, கோயிச்சி சுகியாமா இசையமைக்க, 1986இல் தொடங்கிய வரிசையில் இது ஐந்தாவது. அந்த வரிசைக்கு ஜப்பானியர் மனத்தில் உள்ள இடத்தை அறிய ஒரு சான்று போதும்: 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு தொடங்கியபோது முதலில் ஒலித்தது டிராகன் குவெஸ்டின் முகப்பு இசைதான். நான் இந்த ஐந்தாம் பாகத்தை 2015இல், கைப்பேசிக்கு வந்த ஆங்கிலப் பதிப்பில் விளையாடினேன். இங்கே பெயர்களைப் பெரும்பாலும் ஜப்பானிய மூலத்தின்படியே எழுதுகிறேன்.

இதை விளையாடி முடித்த எவரும் ‘அரக்கனைக் கொன்ற வீரனின் கதை’ என்று இதைச் சுருக்கிவிட மாட்டார்கள். தந்தை பப்பாஸுடன் ஊர் ஊராகச் செல்லும் ஆறு வயதுச் சிறுவனாக நாம் தொடங்குகிறோம். சண்டையில் நமக்கு அடிபட்டால் அவரே மந்திரம் சொல்லிக் காயத்தை ஆற்றுகிறார். அவரை நாம் இயக்க வேண்டியதில்லை, இயக்கவும் முடியாது. ஆட்ட விதி ஒன்றின் வழியாகவே ‘அப்பா இருக்கிறார்’ என்ற நிம்மதியை அந்த விளையாட்டு நமக்குள் ஊட்டிவிடுகிறது. பிறகு ஒருநாள் கேமா என்னும் கொடியவன் சிறுவனைப் பிணையாகப் பிடித்துவைக்க, அதுவரை யாருக்கும் தோற்காத பப்பாஸ், ஓர் அடிகூடத் திருப்பி அடிக்காமல், மகனின் கண்முன்னே அடிபட்டுச் சாகிறார். உன் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று சாகும் தறுவாயில் மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த காட்சியில் பத்தாண்டுகள் கடந்துவிடுகின்றன. சிறுவன் கல் சுமக்கும் அடிமையாக வளர்ந்து நிற்கிறான்.

அங்கிருந்து தப்பி, திருமணம் செய்து, தந்தையின் நாட்டைக் கண்டடைந்து, இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகு அவன் சபிக்கப்பட்டுக் கல்லாகிவிடுகிறான். அந்தக் கற்சிலையை ஒரு செல்வந்தர் தம் மகனுக்குக் காவலாக இருக்கட்டும் என்று வாங்கி வீட்டின் முன் நிறுத்துகிறார். பருவங்கள் மாறுகின்றன. அந்த வீட்டுக் குழந்தை தவழ்கிறது, நடக்கிறது, பின்பு அரக்கர்களால் தூக்கிச் செல்லப்படுகிறது. ஆற்றாமையில் செல்வந்தர் சிலையை உதைக்கிறார். நாம் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எட்டு ஆண்டுகள் கழித்து நம்மைத் தேடிக் கண்டுபிடித்து மீட்பவர்கள், நாம் வளர்ப்பதற்கு வாய்க்காமலேயே வளர்ந்துவிட்ட நம் பிள்ளைகள். என் பள்ளிப் பருவம் முழுவதும் என் தந்தை வெளிநாட்டில் வேலை பார்த்தவர். அந்தக் கட்டத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதையின் உச்சம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பப்பாஸ் வாழ்நாளெல்லாம் தேடிய புராண வீரர் அவருமல்லர், நாமும் அல்லோம். அந்த வீரருக்குரிய வாள் நம் கைக்கு அடங்குவதில்லை. நம் மகனின் கைக்கு அடங்குகிறது. இத்தனை துன்பங்களையும் கடந்து வந்தது கதாநாயகனாவதற்கு அன்று, கதாநாயகனின் தகப்பனாவதற்கு. பதின்வயதுப் பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், 1992இலேயே இவ்வளவு முதிர்ச்சியோடு இதைச் சொல்லியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். தகாஷி யமசாகி தலைமையில் மூவர் இயக்கியிருக்கிறார்கள். ‘ஸ்டாண்ட் பை மீ டோரேமான்’ படத்தை எடுத்தவரும், ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தின் காட்சி விளைவுகளுக்காக 2024இல் ஆஸ்கர் பெற்றவரும் இதே யமசாகிதான். திறமைக்குக் குறைவில்லை. தொரியாமாவின் உருவங்களை விட்டு விலகியது பலருக்குப் பிடிக்கவில்லை என்றாலும், புல்வெளியின் ஒளியும் அரக்கர்களின் தோல் மினுமினுப்பும் எனக்கு நிறைவையே தந்தன. சுகியாமாவின் இசை எழும்போது இப்போதும் உடல் சிலிர்க்கிறது. பல நாட்கள் விளையாட வேண்டிய கதையை ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் அடக்கும்போது எதையாவது வெட்டத்தான் வேண்டும் என்பதையும், அதனால் இரட்டையர் ஒற்றை மகனானதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எதை வெட்டினார்கள் என்பதில்தான் என் மனம் ஆறவில்லை. பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியை, பழைய விளையாட்டின் பிக்சல் படங்களை அவசரமாக ஓடவிட்டு முடித்துவிடுகிறார்கள். தந்தையோடு நடந்த நெடுவழி நமக்குக் கிடைக்காததால், பப்பாஸ் சாகும்போது ஒரு நல்லவர் இறந்ததாகத் தோன்றுகிறதே தவிர, நம் அப்பா போய்விட்டதாகத் தோன்றுவதில்லை.

பியாங்காவா, ஃப்ளோராவா என்னும் திருமணத் தேர்வும் இப்படித்தான் ஆகிறது. ஒருத்தி சிறுவயதுத் தோழி. மற்றவள் செல்வர் வீட்டுப் பெண், அவள் குடும்பத்திடம் நமக்குத் தேவையான கேடயமும் இருக்கிறது. யாரை மணக்க வேண்டும் என்று விளையாட்டு நமக்குச் சொல்வதில்லை. பியாங்காவை விட்டுவிட்டால், அவள் மலைக்கிராமத்தில் உடல்நலமில்லாத தந்தையோடு தனியாகவே வாழ்கிறாள். எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பார்த்துவிட்டு வருந்தலாம். அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது. படத்திலோ நாயகன் லூகா முதலில் ஃப்ளோராவிடம் மணம் பேசுகிறான். பிறகு ஒரு மருந்தைக் குடித்துத் தன் மனத்தில் இருப்பவள் பியாங்காதான் என்று அறிகிறான். இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம், ‘இம்முறை ஃப்ளோரா’ என்று முன்கூட்டியே தன் மனத்துக்குத் தானே ஏற்றிக்கொண்ட சுயதூண்டல் என்பது இறுதியில் தெரியவருகிறது.

அந்த இறுதிக்குத்தான் வருகிறேன். பேரரக்கன் தோன்ற வேண்டிய நேரத்தில் உலகம் உறைந்துபோகிறது. பியாங்காவும் மகனும் அசைவற்று நிற்கிறார்கள். வந்திருப்பது ஒரு கணினி வைரஸ். நீ லூகா அல்லன், மெய்நிகர் கருவிக்குள் அமர்ந்து விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன் என்று அது சொல்கிறது. மேற்பரப்பையும் வண்ணத்தையும் ஒவ்வொன்றாக உரித்துக் காட்டி, தன்னைப் படைத்தவனின் செய்தியாக ‘பெரியவனாகு’ என்கிறது. லூகா அதை ஏற்காமல், இங்கே தான் வாழ்ந்ததும் உண்மைதான் என்று எதிர்த்து நின்று, அதுவரை கூடவே வந்த ஸ்லைம் என்னும் குட்டி அரக்கன் வழங்கும் வாளால் வைரஸை வெல்கிறான்.

படம் கடைசியில் விளையாடுபவரின் பக்கம்தானே நிற்கிறது, ஏன் கோபம் என்று சில நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். நேர்மையான கேள்விதான். ஆனால் அந்த அரங்கில் அமர்ந்திருந்தவர்களில் யாரும் தங்களை அப்படிக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கவில்லை. இது விளையாட்டுதான் என்பதை முதல் நாளே அறிந்து, அறிந்தபடியே பப்பாஸுக்காக அழுதவர்கள் அவர்கள். 1992இல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் 2019இல் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அவர்கள்முன் வைரஸ் ஒன்றை நிறுத்திப் பழிச்சொல் பேசவைத்து, பிறகு அவர்கள் சார்பில் வாதாடுவதாகச் சொல்வது எனக்கு ஆறுதலாக இல்லை. அதிலும், தந்தையை இழப்பது, பிள்ளைகளின் வளர்ச்சியைத் தவறவிடுவது, பெருமையை மகனுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்பது ஆகியவற்றையே உள்ளடக்கமாகக் கொண்ட ஒரு படைப்பின் ரசிகர்களைப் பார்த்துப் ‘பெரியவனாகு’ என்னும் சொல் உச்சரிக்கப்படுகிறது. வளரும் பருவத்தை வெட்டி எறிந்த படத்துக்கு அந்தச் சொல்லை எடுக்க என்ன உரிமை இருக்கிறது?

நாயகனின் பெயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். விளையாட்டில் அவனுக்கு நிலையான பெயர் கிடையாது. நாம் இடுவதே பெயர். ஜப்பானிய வடிவில் ‘ரியூகா’ என்று ஒலிக்கும் படத்துப் பெயரோ, இதே விளையாட்டைத் தழுவி முன்பு எழுதப்பட்ட ஒரு நாவலில் உள்ளது. அதை எழுதிய நாவலாசிரியர் 2019இலேயே வழக்குத் தொடர்ந்தார். ‘உன் கதை’ என்று தலைப்பிட்ட படத்தில், நாம் இட்ட பெயருக்கு இடமில்லாமல் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

படம் செய்ய விரும்பிய காரியத்தை மூல விளையாட்டு எந்த வைரஸின் துணையும் இல்லாமல் செய்து முடித்திருக்கிறது. தொடக்கத்தில், சிறுவனாகிய நம்மிடம் முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன் வந்து, நம் கையிலுள்ள பொன்னுருண்டையைப் பார்க்கத் தருமாறு கேட்பான். திருப்பித் தரும்போது, எவ்வளவு துன்பம் வந்தாலும் மனம் தளரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவான். பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு, தேவதைகளின் கோட்டையில் உள்ள ஓர் ஓவியத்தின் வழியாக நாம் அந்தப் பழைய ஊருக்குத் திரும்பிச் செல்கிறோம். அந்த இளைஞன் நாம்தான். பப்பாஸ் வீட்டில் உயிரோடு இருக்கிறார். அவரிடம் பேசலாம், காப்பாற்ற முடியாது. வெளியே, இனி என்னவெல்லாம் நடக்கப்போகிறது என்று எதுவும் அறியாமல், உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிறுவன் நிற்கிறான்.