வட்டி விகிதமும் என் கொள்கைப் பிடிப்பும்

விலைவாசி ஏறினால் வட்டி விகிதத்தை உயர்த்துவதுதான் பொறுப்புள்ள மத்திய வங்கியின் கடமை என்று ஒரு காலத்தில் உறுதியாக வாதிட்டு வந்தேன். அப்போது என்னிடம் கொஞ்சம் வைப்புத்தொகை இருந்தது, கடன் ஏதும் இல்லை. வீட்டுக் கடன் வாங்கிய சில மாதங்களில், உயர்ந்த வட்டி தொழில் முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் முடக்கிவிடும் என்று விளக்கும் கட்டுரைகள் எனக்கு மிகுந்த அறிவார்ந்தவையாகத் தோன்றத் தொடங்கின. நான் பொய் சொல்லவில்லை. இரு தரப்பு வாதங்களிலும் உண்மை உண்டு. எந்த உண்மை என் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பதை மாதத் தவணை தீர்மானித்துவிட்டது, அவ்வளவுதான்.

தன் பணப்பைக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எவரும் பேசுவதில்லை. உள்நாட்டுக் கோதுமை விலை ஒரு குவார்ட்டருக்கு (அன்றைய தானிய அளவை) 80 ஷில்லிங்கை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமையைச் சந்தைக்குள் விடுவதில்லை என்று 1815இல் பிரிட்டன் நாடாளுமன்றம் தானியச் சட்டம் இயற்றியபோது, அந்த அவை நிலவுடைமையாளர்களால் நிரம்பியிருந்தது. ஆனால் அங்கே முன்வைக்கப்பட்ட வாதம் குத்தகை வருமானத்தைப் பற்றியதன்று; நாடு உணவுக்காகப் பிறரிடம் கையேந்தக் கூடாது என்பதே. பின்னாளில் அச்சட்டத்தை எதிர்த்த ஆலை முதலாளிகள் ஏழையின் ரொட்டி மலிய வேண்டும் என்றார்கள். ரொட்டி மலிந்தால் கூலியைக் குறைப்பதும் எளிதாகும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு என்று தொழிலாளர்களில் பலர் ஐயுற்றார்கள். சட்டம் 1846இல் நீக்கப்பட்டது.

ஆனால், யாருக்கு எதில் லாபம் என்று பார்த்தாலே அவருடைய கருத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புபவர்கள் இதே விவாதத்தில் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோவிடம் தடுமாறுவார்கள். பெருநிலம் வாங்கிக் குத்தகை பெற்றுவந்த அவர் தானியச் சட்டத்தை எதிர்த்தார். அதை ஆதரித்தவரோ அவருடைய நண்பரும் சக பொருளியலாளருமான மால்தஸ். குத்தகை பெறும் ரிக்கார்டோ குத்தகையின் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார், ஒருபோதும் பெறாத தன்மீதோ மிகைப்படுத்தும் குற்றச்சாட்டு வரக்கூடும் என்று மால்தஸே 1820இல் வியந்து எழுதினார். ஆகவே, ‘இதனால் உனக்கு ஆதாயம்’ என்று சுட்டிக்காட்டுவது பேசுபவரைச் சந்தேகிக்கக் காரணமாகலாம். அவருடைய வாதத்துக்கு மறுப்பாகாது.

அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்த டேவிட் சியர்ஸ் போன்ற அரசியல் உளவியலாளர்களும், சொந்த ஆதாயம் மக்களின் கொள்கைக் கருத்துகளைப் பொதுவாக ஓரளவே விளக்குகிறது என்று கண்டார்கள். கட்சிப் பற்றும் நெடுநாள் விழுமியங்களும் அதைவிட வலுவானவை. ஆனால் லாபநட்டம் பெரிதாகவும் ஐயமின்றியும் தெரியும் இடத்தில் நிலைமை மாறிவிடுகிறது. சொத்து வரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்துக்குள் அடக்கிய 1978ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியா வாக்கெடுப்பில் வீட்டு உரிமையாளர்கள் காட்டிய ஆதரவு அத்தகையது.

மாதத் தவணையைவிடத் தெளிவாகத் தெரியும் நட்டம் எனக்கு வேறில்லை. கடன் முடிய இன்னும் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை வட்டி விகிதம் குறித்து நான் எழுதும் ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் அதைக் குறிப்பிட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.