சிப்பிங் கேம்டன் சந்தை மண்டபம் கம்பளி விற்கக் கட்டியதல்ல

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலுள்ள சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூருக்குப் போகிறவர்களுக்காக ஒரு திருத்தம். அங்குள்ள சந்தை மண்டபத்தை இடைக்காலக் கம்பளி வணிகர்கள் கட்டினார்கள் என்றும், கல் செதுக்கும் ஊர் என்பதால்தான் 'சிப்பிங்' (ஆங்கிலத்தில் 'சிப்' என்றால் செதுக்குவது) என்று பெயர் வந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

மண்டபம் 1627-இல் லண்டன் வணிகர் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டியது. அதற்குள் ஊரின் கம்பளிப் பொற்காலம் முடிந்துவிட்டது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வந்தவர்கள் மழையில் நனையாமல் நிற்கத்தான் அந்தக் கூரை. உள்ளே போனால் தரையைப் பாருங்கள், மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த கல். எனக்கு ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

'சிப்பிங்' என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. லண்டனில் உள்ள சீப்சைடு தெருவின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

கம்பளிக் காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். 1401-இல் இறந்த வில்லியம் கிரேவெல் என்ற கம்பளி வணிகரின் பித்தளை நினைவுத் தகடு அங்கே இருக்கிறது. அவருடைய வீடும் ஹை ஸ்ட்ரீட்டில் இன்னும் நிற்கிறது, வெளியிலிருந்து பார்க்கலாம்.

அப்புறம், ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ஊரான மோர்டன் இன் மார்ஷில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.