தடிமன் மட்டும் போதாது, தகடு கடினமாக இருக்க வேண்டும்

நண்பரே, "அரை அங்குல இரும்புத் தகடு எதுவானாலும் ரைஃபிளுக்குத் தாங்கும், 25 கஜத்தில் வைத்தே சுடலாம்" என்று சுடும் பயிற்சிக்கான இலக்குத் தகடு பற்றி எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதை நம்பிச் செய்துவிட வேண்டாம்.

சாதாரண மைல்ட் ஸ்டீலின் கடினம், பிரினெல் என்ற கடின அளவுகோலில் ஏறக்குறைய 120தான். அமெரிக்காவில் இலக்குக்கென்றே விற்கும் ஏஆர்500 என்ற கடின எஃகுத் தகடு 500ஐ ஒட்டி இருக்கும். மென்மையான தகட்டில் குண்டு பட்டால் கிண்ணம் போலக் குழி விழும், விளிம்பு உதடு மாதிரி எழும்பும். அடுத்த குண்டின் சிதறல் அந்த வளைவில் திரும்பிச் சுட்டவரை நோக்கியே வரக்கூடும். வழவழப்பான கடினத் தகட்டில் ஈயம் நசுங்கி, தகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் தெறிக்கும். தகட்டைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையைப் பாருங்கள், அந்தத் தெறிப்பால் ரம்பத்தால் அறுத்தது போலக் கோடு விழுந்திருக்கும்.

சென்டர்ஃபயர் ரைஃபிள் (தோட்டாவின் அடியில் நடுவே பற்றவைப்பு இருக்கும் வகை) என்றால் குறைந்தது 100 கஜம் தள்ளி வையுங்கள், தகட்டின் முகம் சற்றுத் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். உள்ளே எஃகு முனை வைத்த பச்சை நுனி எம்855 தோட்டா வேண்டவே வேண்டாம், அது ஏஆர்500ஐயே குழியாக்கும். குழி விழுந்த தகட்டை அன்றே கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி சுடுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் கட்டாயம்.