மும்பை ஆரே காட்டு ஆதிவாசிகள் ஆக்கிரமிப்பாளர்களா?

தாராவித் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஆரே காட்டிலுள்ள ஆதிவாசிகள் பிழைக்க வந்து நிலம் பிடித்தவர்கள். வன உரிமைச் சட்டத்தில் பட்டா வாங்கி பில்டருக்கு விற்கிறார்கள்.” இரண்டுமே தப்பு.

ஆரே பால் காலனியே 1949இல்தான் வந்தது. வார்லிப் பழங்குடி மக்களின் பாடாக்கள், அதாவது சிற்றூர்கள், அதற்கு முன்பே அங்கே இருந்தவை. மண்சுவரில் அரிசிமாவுக் கோலமாக ஆடும் மனிதர்கள், சிறுத்தை நடமாடும் காட்டோரம் அவர்கள் கும்பிடும் புலிச்சாமி வாகோபா. நேற்று குடியேறியவர்களின் அடையாளமா இது?

சரி, சட்டம்? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்த நிலத்துக்குத்தான் உரிமை கேட்கலாம். அதுவும் அதிகபட்சம் 4 ஹெக்டேர். முதலில் கிராம சபை விசாரிக்கும். கிடைத்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும்; யாருக்கும் விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ முடியாது. அப்புறம் பில்டர் எங்கே வாங்குவது? விசாரணை முடியும்வரை அவர்களை வெளியேற்றவும் கூடாது.

‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் நம் குடிசைகள்மீதும் விழுந்ததுதான். அந்த வலி தெரிந்த நாமே இதைப் பரப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அனுப்பியவர்கள் தயவுசெய்து அதே குழுவில் இதையும் போடுங்கள்.