ஜன்னலோரம் ஒரு பெண், வெளியே மழை

விளம்பரங்களுக்குத் தமிழில் வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் ஆன்லைன் மனநல ஆலோசனைச் செயலி ஒன்றுக்கு 30 விநாடி விளம்பரம் வந்தது. காட்சிகளை முன்பே முடிவு செய்துவிட்டார்கள். ஜன்னலோரம் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழை. போனை எடுக்கிறாள், செயலியைத் தொடுகிறாள், வெயில் அடிக்கிறது, சிரிக்கிறாள். பின்னணிக் குரலுக்கு நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். கொடுத்திருந்த ஆங்கில வரியில் 'ஆங்ஸைட்டி' என்று இருந்தது. 'மனப்பதற்றம்' என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. அம்மாவுக்கு 'வயித்தப் பிசையும்'. சித்தப்பா 'நெஞ்சு படபடங்குது' என்று மூன்று முறை ஈசிஜி எடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒன்றுமில்லை என்று வந்தது. எல்லோரும் நிம்மதியானோம், அவரைத் தவிர. பையன் வர பத்து நிமிடம் தாமதமானால் தெருமுனைக்கே போய் நின்றுவிடுவார். காலையில் பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீஸ் கிளம்பியிருப்பார். எந்த ஜன்னலோரத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த விளம்பரம் வந்தால் 'பாவம், யார் பெத்த பொண்ணோ' என்று சேனலை மாற்றிவிடுவார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

அடுத்த கூட்டத்தில் வேறொரு யோசனை வந்தது. 'தூக்கம் வரவில்லையா? கவனம் சிதறுகிறதா? காரணமில்லாமல் எரிச்சலா? உடனே இறக்கிக்கொள்ளுங்கள்.' மே மாதம் கரண்ட் போன ராத்திரியில் சென்னையில் இந்த மூன்றும் இல்லாதவர் யார்? பதற்றக்காரருக்கு 'உனக்கு என்னவோ ஆகப்போகிறது' என்ற குரல் உள்ளே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையே காசு கொடுத்துப் போனிலும் ஓடவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

பெட்டர்ஹெல்ப் விவகாரம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் பெரிய ஆன்லைன் ஆலோசனை நிறுவனம் அது. சேரும்போது ஒரு கேள்வித்தாள் நிரப்ப வேண்டும், ரகசியமாக இருக்கும் என்று உறுதியும் சொன்னார்கள். ஆனால் அந்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தார்கள் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. முன்பு ஆலோசனை பெற்றவர்களின் விவரத்தை ஃபேஸ்புக்கிடம் கொடுத்து, அதே மாதிரி ஆட்களைத் தேடிப் பிடிக்கச் சொன்னார்களாம். ஒருத்தர் துக்கத்தைத் தூண்டிலில் கோத்து அடுத்தவரைப் பிடிக்கிற வேலை. 2023இல் 78 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள், தவறை ஒப்புக்கொள்ளாமலே.

அதற்காக ஆன்லைன் ஆலோசனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு நோய் மாறினாலும், பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறாமல் இருக்கிறார்கள். சின்ன ஊரில் மனநல மருத்துவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் தெருவே விசாரிக்கும். அங்கே போன் பெரிய வரம்தான். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். அதற்கு ஒரு விளம்பரமாவது உங்கள் கண்ணில் பட்டதா?

சரி, நான் எழுதிக் கொடுத்தது இது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வீட்டுக்குள் பேச இடமில்லை. போனில் ஒரு பெண் குரல் கேட்கிறது: "எப்பலேர்ந்து சார் இப்படி இருக்கு?" அவர் யோசிக்கிறார். பத்து விநாடி மௌனம். "அப்பா போனதுலேர்ந்துன்னு நினைக்கிறேன்." முடிந்தது. வெயில் இல்லை, சிரிப்பும் இல்லை. திரையில் ஆலோசகரின் படிப்பும் பதிவு எண்ணும், ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்பதும் வரும். தற்கொலை எண்ணம் இருந்தால் செயலிக்குக் காத்திருக்காமல் அழைக்க ஓர் எண்ணும் வரும்.

பத்து விநாடி மௌனத்துக்குள் ஜனங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். அவர்கள் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஜன்னலும் மழையும்தான் படமாகிறது, வரிகளை வேறொருவர் எழுதுகிறார்.

சித்தப்பாவிடம் என் காகிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "எவ்வளவுன்னு போடணும்னு எழுதியிருக்கியே, உண்மையிலயே எவ்வளவுப்பா ஆகும்?" என்றார்.