ஒரு வரி போட்டிருந்தால் போதும்

“மாநாட்டு மலரையே விக்கிக்காரர்கள் தூக்கிவிட்டார்கள், தமிழுக்கு நேர்ந்த அவமானம்” என்று அந்தப் பதிவு நேற்று முழுக்க ஓடியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். போன மாதம் நடந்த கட்டற்ற அறிவு மாநாட்டின் மலரை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோப்புகளின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து நீக்கிய கதை அது. விக்கியில் பங்களிக்கிற எனக்கே பாதிப் பேர் அனுப்பினீர்கள், ‘உங்க ஆளுங்க பண்ண வேலையைப் பாருங்க’ என்ற குறிப்போடு. பார்த்தேன். மலரையும் திறந்து பார்த்தேன். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் திறந்தார்களோ தெரியாது.

மூன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: “இம்மலரின் எப்பகுதியையும் பதிப்பாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றி எவ்வடிவிலும் மறுபதிப்பு செய்யக் கூடாது.” கட்டற்ற அறிவுக்கு மாநாடு போட்டு, வாசலில் தோரணம் கட்டி, அந்த அறிவையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். தன்னார்வலராக வந்த ஒரு மாணவரிடம் பிடிஎஃப் கோப்பைக் கொடுத்து, “பொதுவகத்துல ஏத்திடு தம்பி” என்றிருக்கிறார்கள். அந்தப் பையன் பதிவேற்றும்போது ‘இது என் சொந்தப் படைப்பு’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறான். ஐம்பத்துச் சொச்சம் பேர் எழுதிய மலர் அவன் சொந்தப் படைப்பாம். அனுமதி இல்லை என்று ஒருவர் அறிவிப்பு வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியும், மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டார், அவர் செய்த குற்றம் அதுதான். ஏழு நாள் அவகாசம் ஓடியது. உரையாடல் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோப்பு நீக்கப்பட்டது. எட்டாம் நாள் தமிழுக்கு அவமானம் நேர்ந்துவிட்டது.

மாநாட்டுக்காரர்களே, பூட்டைப் போட்டது நீங்கள். சாவியும் உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது. கதவு திறக்கவில்லை என்று தெருவில் நின்று கத்துவது மட்டும் எங்களைப் பார்த்தா?

அந்த மூன்றாம் பக்கத்தில் வேறு ஒரே ஒரு வரி போதும்: ‘இம்மலரின் கட்டுரைகள் சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடப்படுகின்றன.’ இது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் ஒன்று. எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் எடுத்தாளலாம் என்று அர்த்தம். அச்சகத்தில் இதற்குத் தனிக்காசு கேட்க மாட்டார்கள்.

சரி, இப்போது அந்த வரியைச் சேர்த்துவிட்டால் முடிந்ததா? முடியாது. இங்கேதான் எல்லா மாநாடும் சறுக்குகிறது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும். கட்டுரையாளர் அப்படி எழுதிக் கொடுக்காத வரை கட்டுரை அவருடையது, மலர்க் குழுவுடையது இல்லை. ஆக, பதிப்பாளர் அனுமதி என்று போட்டதே ஆட்டம் காண்கிறது. இனி உரிமத்தை மாற்ற வேண்டுமென்றால் ஐம்பது பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டும். நாற்பது பேர் பதில் போடுவார்கள், ஆறு பேரின் மின்னஞ்சல் மாறியிருக்கும், இரண்டு பேர் கோபத்தில் இருப்பார்கள். கட்டுரை கேட்கும் படிவத்திலேயே சம்மதக் கட்டம் ஒன்றை வைத்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஒரு வரி. திரும்பவும் அதே ஒரு வரி.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். நம் நாட்டில் பதிப்புரிமை எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. இன்று 30 வயதில் எழுதியவர் 80 வரை இருந்தால், அந்த ஆறு பக்கக் கட்டுரை திறக்க 110 ஆண்டு ஆகும்.

“நாளைக்கு ஒருத்தன் அதைப் புத்தகமாப் போட்டு வித்துட்டா?” என்று கேட்பீர்கள். விற்கட்டுமே. உங்கள் பெயரைப் போட்டாக வேண்டும், அவன் திருத்திச் சேர்த்ததையும் இதே உரிமத்தில் திறந்தாக வேண்டும். வணிகத்துக்குக் கூடாது என்ற உரிமத்தையும் திருத்தக் கூடாது என்ற உரிமத்தையும் பொதுவகம் ஏற்காது. இது தமிழருக்கென்று வைத்த விதி இல்லை, உலகத்துக்கே ஒன்றுதான். வணிகத் தடை போட்டால், பள்ளி வாசலில் நகல் போட்டு விற்கும் கடைக்காரர்கூட சிக்கலில் மாட்டலாம். உங்கள் கட்டுரையை வைத்துக் கோடீஸ்வரனாகப் போகிற அந்த ஆள் யார் என்று எனக்கும் பார்க்க ஆசைதான்.

“ஐஎஸ்பிஎன் எண் போயிடுமா, பதவி உயர்வுப் புள்ளி போயிடுமா?” போகாது. அடுத்தது.

“விக்கி நிர்வாகிகளின் அறிவிப்புகள் ஆங்கிலத்தில், அதட்டுகிற தொனியில் இருக்கின்றன, புதியவர் பயந்து ஓடுகிறார்.” இது உண்மை. வார்ப்புருவை, அதாவது ஆயத்த அறிவிப்பை, ஒட்டிவிட்டுப் போவதோடு இரண்டு வரி தமிழில் விளக்கினால் பாதிச் சண்டை வராது. தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் இதைப் பற்றி எத்தனையோ முறை புலம்பியாயிற்று. ஆனால் அறிவிப்பின் தொனி சரியில்லை என்பதால் மூன்றாம் பக்கத்தில் இருக்கிற வரி மாறிவிடாது.

“நாங்க சின்ன அமைப்பு, அதெல்லாம் வெளிநாட்டு மாநாட்டுக்குத்தான் சரிப்படும்.” ஐயா, விக்கிக்காரர்களின் உலக மாநாடான விக்கிமேனியா 2016-இல் நடந்தது எசினோ லாரியோவில். ஆயிரம் பேர்கூட வசிக்காத இத்தாலிய மலைக்கிராமம். 2005-இல் பிராங்க்ஃபர்ட்டில் தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் ஆண்டு மாநாட்டுக்கும் பொதுவகத்தில் தனிப் பகுப்பு உண்டு. பேசியவர்கள் மேடையில் காட்டிய வில்லைகளை (ஸ்லைடுகளை) கொண்டுவந்து அதில் போடுகிறார்கள். 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில், கூகுள் ஆள் வைத்து மொழிபெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் குவித்த கட்டுரைகளின் தரத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் பேசினார். இயந்திர நடை, எழுத்துப்பிழை, பக்கமெங்கும் இல்லாத கட்டுரைகளுக்குப் போகும் சிவப்பு இணைப்பு என்று அடுக்கிய பேச்சு. அந்த வில்லைக்காட்சி இன்றும் எடுத்துப் படிக்கக் கிடைக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி இன்றைக்குச் சண்டை போடுகிறவர்களும் அதைக் காட்டிப் பேசலாம். போன மாதம் நடந்த உங்கள் மாநாட்டில் யார் என்ன பேசினார்கள் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா? பொன்னாடை போர்த்தும் படங்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு.

மலரைத் திறந்து பார்த்தேன் என்றேனே, அந்தக் கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எழுத்துரு பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய ரகம். ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கிலக் கிறுக்கல். தேடினால் கிடைக்காது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் தமிழாக வாசிக்காது. தமிழைத் தமிழாகவே கணினியில் பதியும் ஒருங்குறியை (யூனிகோடை) தரமாகத் தமிழ்நாடு அரசே 2010-இல் அறிவித்தாயிற்று. அச்சகத்தில் பழைய மென்பொருள்தான் இருக்கிறது என்றால் இருக்கட்டும், கட்டுரையாளர்கள் அனுப்பிய மூலக் கோப்புகள் ஒருங்குறியில்தானே வந்திருக்கும்? அவற்றை அப்படியே ஒரு கோப்புறையில் போட்டு வெளியிடலாமே.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், விக்கியின் நூலகமான விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறார். நாட்டுடைமையான பழைய நூல்களின் படங்களிலிருந்து எழுத்துணரி (ஓசிஆர் மென்பொருள்) படித்துக் கக்கிய பக்கங்கள் அவை. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கும், ‘ர’ வர வேண்டிய இடத்தில் துணைக்கால். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘னை’, ‘றா’ எல்லாம் எழுத்துணரிக்குப் புரியவே புரியாது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். சேமித்ததும், ஒருமுறை மெய்ப்புப் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பக்கம் மஞ்சளாகும். அதைச் சரிபார்த்துப் பச்சையாக்க இன்னொருவர் வர வேண்டும், தான் பார்த்ததைத் தானே பச்சையாக்க முடியாது. “மஞ்சளாவே நிக்குதுப்பா” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த அம்மா செய்வது நம் தாத்தாக்கள் காலத்து நூல்களுக்கு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மலருக்கும் 110 ஆண்டு கழித்து யாரோ ஒரு பாட்டி உட்கார்ந்து துணைக்கால் திருத்த வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மாநாட்டு அழைப்பிதழில் இருந்த கோபுரப் படம். நம் நண்பர் விடிகாலையில் போய்க் காத்துக் கிடந்து எடுத்து, பொதுவகத்தில் போட்டது. கீழே என்ன எழுதியிருந்தீர்கள்? ‘நன்றி: கூகுள்.’ கூகுளா ஏணி போட்டு ஏறி எடுத்தது? ‘படம்’ என்று போட்டு அவர் பயனர் பெயர், விக்கிமீடியா பொதுவகம், சிசி பை-எஸ்ஏ 4.0, இவ்வளவுதான் அவர் கேட்ட கூலி. பெயர் போடாவிட்டால் அந்த உரிமம் உங்களுக்குத் தானாகவே ரத்தாகிவிடும், தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் திரும்பக் கிடைக்கும் என்று உரிமத்திலேயே இருக்கிறது. அவர் உங்களுக்குச் செய்தி அனுப்பி 30 நாள் தாண்டிவிட்டது. அவர் தெருவில் நின்று கத்தவில்லை. தமிழுக்கு அவமானம் என்று பதிவும் போடவில்லை.

மாநாட்டில் நடந்த விக்கிப் பயிற்சி அரங்கின் கதையும் இதேதான். நாற்பது மாணவர்கள், ஒரே வைஃபை. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு விக்கிக் கணக்குத்தான் தொடங்க முடியும், ஏழாவது ஆளுக்குக் கதவு மூடிவிடும். முன்கூட்டியே ஐபி எண், தேதி, நேரம், எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு மட்டும் தளர்த்துவார்கள். அதுவும் வேண்டாமென்றால் முந்தின நாளே அவரவர் வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்லலாம். ஒன்றையும் செய்யாமல், மேடையில் மைக் பிடித்து “விக்கிப்பீடியா நம்ம பசங்களைத் தடுக்குது” என்றார்கள். கைதட்டல் வேறு.

சம்பளம் வாங்காமல், பயணப்படி வாங்காமல், ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து உரிமம் பார்க்கிறவர்களைத் தமிழ்த் துரோகி என்று எழுத எத்தனை நொடி ஆயிற்று உங்களுக்கு?

மலர் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. நீக்கப்பட்ட கோப்பு அழிந்துபோய்விடவில்லை, அனுமதி வந்தால் நிர்வாகிகள் மீட்டெடுப்பார்கள். ஐம்பது பேரின் சம்மதத்தை வாங்குங்கள். பிறகு அமைப்பின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து அனுமதி சரிபார்க்கும் தன்னார்வலர் குழுவுக்கு எழுதுங்கள். கோப்பின் பெயர், உரிமை யாருடையது, எந்த உரிமம், அந்த உரிமத்தின் எத்தனையாவது பதிப்பு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘விக்கிப்பீடியாவில் பயன்படுத்த அனுமதிக்கிறோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் அங்கே அனுமதி.

அடுத்த மாநாட்டுப் படிவத்துக்கான வரியையும் எழுதியே தருகிறேன்: ‘இக்கட்டுரை என் சொந்தப் படைப்பு. இதை சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன்.’

பாமினியில் அடிக்கவில்லை. நகலெடுத்தால் தமிழாகவே வரும்.