கேமரா மாட்டினால் டெலி ஐசியூ ஆகிவிடுமா?

டெலி ஐசியூ, அதாவது தொலைவில் இருக்கும் நிபுணர் திரை வழியே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வழிகாட்டும் ஏற்பாடு. அப்படி ஒன்றின் திறப்பு விழாப் படத்தை இதுவரை இருபது பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும். சுவரை அடைக்கும் திரை, ரிப்பன், கைதட்டல், எல்லாம் பார்த்தாயிற்று. கேமரா எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்தீர்களா? விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வென்டிலேட்டர் என்ற செயற்கை சுவாசக் கருவியின் திரை அதன் கண்ணிலேயே படாது.

டெலி ஐசியூவுக்கு உயிர் கேமராவில் இல்லை, படுக்கையருகே இருந்து வரும் எண்களில் இருக்கிறது. 160 செ.மீ. உயரம், 85 கிலோ எடையுள்ள ஓர் ஆண். அவசரத்தில் எடையை மட்டும் சொன்னால், கிலோவுக்கு 6 மி.லி. கணக்கில் வென்டிலேட்டர் மூச்சுக்கு 510 மி.லி. காற்றைத் தள்ளும். ஆனால் உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருத்துவிடாது. அதற்கு உயரம்தான் கணக்கு. உயரத்தில் 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்டுங்கள் (பெண்ணென்றால் 45.5). 57 கிலோ வரும். அப்படியானால் சுமார் 340 மி.லி.தான். புண்பட்ட நுரையீரலுக்குள் ஒவ்வொரு மூச்சிலும் 170 மி.லி. அதிகம்! இதைத் தடுக்க வேண்டியது அளவு நாடா. அது எந்தத் திறப்பு விழாவிலும் இருக்காது.

ரத்த அழுத்தத்தை உயர்த்த பம்பில் ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தும் அப்படித்தான். "மணிக்கு 5 மி.லி. ஓடுது டாக்டர்" என்றால் என்ன புரியும்? 50 மி.லி.யில் 4 மி.கி. கலந்ததா, 8 மி.கி. கலந்ததா? 8 என்றால் மருந்து இரட்டிப்பாகிவிடும், பம்பில் அதே 5. கலவையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் இல்லையா?" என்பீர்கள். மேல்தான், மறுக்கவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நிபுணரைப் பத்து ஊருக்குப் பகிர வேறு வழியும் இல்லை. "நெட் வேகம் சரியில்லை, அதான்..." வீடியோ போனால் போகட்டும். எண்கள் சரியாக இருந்தால் சாதாரண போன் அழைப்பிலேயே பாதி வேலை நடக்கும். "நீங்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரி." இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பிளாட்டோ பிரஷர், அதாவது உள்ளே போன மூச்சைச் சற்று நிறுத்தி அளக்கும் நுரையீரல் அழுத்தம், 30 செ.மீ. நீர் அளவுக்குக் கீழே இருக்கிறதா என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து நிபுணர்கள் கேட்பார்கள். அப்படி மூச்சை நிறுத்த வென்டிலேட்டரின் ஹோல்டு பட்டனை அழுத்த இங்கே ஒரு விரல் வேண்டும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்வார்கள், அதுவும் 16 மணி நேரம். புரட்ட ஐந்து பேராவது வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக் குழாயை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும், உருவிக்கொண்டால் கதை முடிந்தது. திரைக்குள்ளிருந்து கை நீளுமா? ஆறு படுக்கைக்கு ஒரே நர்ஸ், காதில் போன், மூன்று பக்கமும் அலாரம். எண் பிசகினால் திட்டு யாருக்கு? திரைக்கா?

படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன். பதினோரு பேர் நிற்கிறார்கள், நர்ஸ் சீருடையில் ஒருவர்கூட இல்லை. இரவு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். படம் மட்டும் இனி அனுப்பாதீர்கள்.